புதுக்கடையில் ஓர் அயல்நாட்டு விருந்தாளி

புதுக்கடைக்கு வெளிநாட்டு விருந்தாளி வருவது அபூர்வம். புதுக்கடையிலேயே பிறந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, இருபத்தெட்டு வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்த செல்லபாய், ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் தன் வீட்டு வாசலிலேயே வெளிநாட்டு விருந்தாளி ஆனாள். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை. அங்கே மேசையும் கிடையாது, கோப்பும் கிடையாது, மின்விசிறி மேனேஜர் தலைக்கு மேல் மட்டும் உண்டு. ஆனாலும் ஊரில் எல்லாரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

அவளை விருந்தாளி ஆக்கியது மகள் பெபிஷா. பெபிஷா ஒரு வளைகுடா நகரத்தில் நர்ஸ். தலைப்பிரசவம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். மருமகன் கப்பலில் வேலை செய்கிறவன். அவன் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்பது அவனுக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஆக, அந்த ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெபிஷாவுக்கென்று நிற்பதற்குச் செல்லபாயை விட்டால் வேறு ஆள் இல்லை. விமானம் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அதை விட்டால் அடுத்தது வெள்ளிக்கிழமை.

விமான நிலையம் களியக்காவிளை எல்லையைத் தாண்டி, அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. ஒருவரை அங்கே கொண்டுபோய் விமானம் ஏற்றுவதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆள் போவது ஒன்று, வழியனுப்பப் போவது முப்பது. பெபிஷா முதல்முறை போனபோது இரண்டு வேன் பிடித்தார்கள். மட்டிப்பழம் வாங்க ஓரிடத்தில் நிறுத்தினார்கள், பழம் தின்றவர்கள் ஒதுங்குவதற்காக இன்னோரிடத்தில் நிறுத்தினார்கள், விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது முடிக்கவே அரைமணி நேரம் ஆனது. பெபிஷா கடைசி ஆளாக ஓடிப்போய் ஏறினாள். அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

"வேனும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். நான் இஞ்சயிருந்தே ஆப்புல வண்டி போட்டாச்சு. நீங்க கேறி இருந்தா போதும்மா" என்று சொல்லிவிட்டாள்.

ஆப்பின் பெயர் தும்பி. 'அயல்நகரில் நீங்கள் அநாதை அல்ல' என்பது அதன் முழக்கம். பெபிஷா தன்னுடைய போனில் பதிவு செய்தாள். ஆகவே தும்பியின் கணக்கில் பெபிஷா இருக்கிற நகரம் சொந்த ஊர். புதுக்கடை அயல்நாட்டு நகரம். செல்லபாய் அந்த அந்நிய மண்ணில் மொழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கும் விருந்தாளி. அவளை மீட்டு விமான நிலையத்தில் சேர்க்கும் திட்டத்துக்கு 'அயல்நகர விமான நிலைய இணைப்பு, பொன் வகுப்பு' என்று பெயர். ஒரு விருந்தாளி, ஒரு பெட்டி, ஒரு கைப்பை. உறவினர்களைப் பற்றித் திட்டத்தில் ஒன்றுமில்லை.

ஓட்டுநராக வந்தவன் ஷிபு. பக்கத்து வீட்டுப் பையன். அன்று காலை செல்லபாயின் அடுக்களையில் புட்டும் பயறும் தின்றவன். வண்டி இரவிலிருந்தே அவள் மதிலை ஒட்டித்தான் கிடந்தது. பிரசவ மருந்தும் கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் அடைத்துக் கயிறு போட்டுக் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வண்டிப் பக்கம் போனபோது, ஷிபு இரண்டு கையையும் விரித்துத் தடுத்தான்.

"மாமி, கேறாதீங்க. இஞ்ச வச்சு கேறப்பிடாது."

"பின்ன எங்க வச்சுலே கேறணும்?"

"மார்க்கெட்டுக்கு அந்தப்பக்கம். ஒங்க வீடு வெளிநாட்டுக்காரங்க தங்குறதுக்கு ஏத்த இடம் இல்லன்னு ஆப்பு சொல்லுது."

செல்லபாய் தன் வீட்டை ஒருமுறை பார்த்தாள். திண்டாடித் திண்டாடிக் கட்டிய வீடு. வாசலில் நின்ற கணவன் செல்வதாசும் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அது வரைக்கும் நீ கொண்டு விடு."

"அது ஆப்புக்கு வெளிய உள்ள சவாரி மாமி. எனக்க ஐடி போயிரும்."

அப்புறம் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் செல்லபாயும் பெட்டியும் முன்னே போக, ஷிபுவின் கார் காலியாகப் பின்னே வந்தது. வேன் கிடையாது என்று சொன்னார்களே தவிர, வழியனுப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அதன் பின்னே ஏழு மோட்டார் சைக்கிள்களும் சபையின் போதகரும் வந்தார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட ஏறுமிடம் மீன் சந்தையின் கழிவுநீர் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஷிபு காரை விட்டிறங்கி, 'செல்லபாய்' என்று எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் யாரையோ தேடுகிறவனாக இடமும் வலமும் பார்த்தான். அப்படிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்ப்பதைப் போன் படம் பிடிக்கும்.

"ஏலே, இஞ்சதான நிக்கேன்" என்றாள் செல்லபாய்.

"தெரியும் மாமி. பத்து செக்கண்டு தேடணும்."

தேடி முடிந்ததும் போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். பயண ஜெபம் என்றால் அவர் எகிப்திலிருந்துதான் புறப்படுவார். இருபத்துமூன்று பேர் செல்லபாயைச் சுற்றி நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜனங்கள் செங்கடலை எட்டிய நேரத்தில் ஷிபுவின் போன் வீறிட்டது. "எச்சரிக்கை. விருந்தினர் உள்ளூர்வாசிகளால் சூழப்பட்டுள்ளார். ஒருவர் கையை உயர்த்திக் கத்துகிறார். விருந்தினரே, பதற்றப்படாதீர்கள். அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள்." போதகர் கடலை அவசரமாகப் பிளந்து எல்லாரையும் அக்கரை சேர்த்து ஆமென் சொன்னார். அவருடைய ஊழியத்தில் அவ்வளவு சின்ன ஜெபம் அதற்கு முன் நடந்ததில்லை.

அதன் பிறகு பாதுகாப்புத் தேர்வு. நாலு நிமிடப் படம் பார்த்துவிட்டு ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால்தான் கார்க்கதவு திறக்கலாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா புதுக்கடை மாதிரி ஒரு ஊரில் பயந்து பயந்து நடந்தாள். ஷிபு கேள்விகளை வாசித்தான்.

"உள்ளூர்வாசி ஒருவர் உங்களிடம் 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?"

"போற எடத்தச் சொல்லுவேன். பின்ன அவரு எங்க போறாருன்னும் கேப்பேன்."

"முன்பின் தெரியாத வீட்டில் உங்களுக்குத் தேநீர் தந்தால்?"

"தெரியாத வீடு இஞ்ச ஏதுலே?"

அவள் ஐந்துக்குப் பூச்சியம் எடுத்தாள். 'இந்த நகரத்தில் நடமாட உங்களுக்குப் போதிய அறிவில்லை. பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்' என்றது தும்பி. செல்லபாய் ஓடைப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்தாள். இரண்டாவது முறை ஷிபு காதோடு சொன்னான்: "மாமி, ஒங்களுக்கு அறிஞ்சது ஒண்ணையும் சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் பேடிச்ச மாதிரி சொல்லுங்க." எங்கே போகிறாய் என்று கேட்டால் ஓடுவேன், தேநீர் தந்தால் போலீசைக் கூப்பிடுவேன், யாராவது சிரித்தால் கைப்பையை இறுக்கிப் பிடிப்பேன் என்றாள். நூற்றுக்கு நூறு. செல்வதாஸ் பின்னால் நின்று கைதட்டினார். மணி பத்து ஆகியிருந்தது.

கார் புறப்பட்டது. பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். ஷிபு கண்ணாடியைப் பார்த்து, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் நல்வரவு சொன்னான். குளிர் போதுமா என்று கேட்டான். தன் பெயர் ஷிபு என்று அறிமுகம் செய்துகொண்டான். அவனுக்கு மூன்று வயதில் குடல் புழு மருந்து கொடுத்தவளிடம் அதைச் சொல்வதற்கு அவனுக்கே நாணமாக இருந்தது. செல்லபாய், "நல்ல பேரு மக்கா, ஆரு போட்டது?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய ரோடு வந்ததும் கார் மேற்கே திரும்பவில்லை. கிழக்கே போயிற்று.

"ஏலே, பிளேனு அந்தப் பக்கம்லா?"

"தோவாளைக்குப் போயிட்டுத்தான் மாமி போவணும். பொன் வகுப்புக்குப் பூ மார்க்கெட்டு இலவசம். அங்க ஒங்களுக்கு மாலை போட்டுப் படம் பிடிக்கணும்."

தோவாளை போய்த் திரும்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். செல்லபாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இதுவரை அவள் பொறுத்துப் போனதெல்லாம் மகள் ஏற்பாடு செய்ததாயிற்றே என்பதற்காகத்தான். மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இங்கே மாலை போட்டுப் படம் பிடிப்பார்களாம்.

"மாலையப் போட்டு என்னப் பொதைக்கவாலே கொண்டு போற? வண்டியத் திருப்பு."

"மாமி, ஐடி..."

"திருப்புலே!"

அது அண்டி ஆபீஸ் தொழிலாளர் சங்கத்தில் பத்தாண்டு கோஷம் போட்ட தொண்டை. ஷிபுவின் கை தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டது. போன் உடனே சொன்னது: "விருந்தினர் வழி மாற்றிக் கடத்தப்படுவதாகத் தெரிகிறது. களியக்காவிளை விருந்தினர் நல்வாழ்வு மையத்தில் உடனே ஆஜராகவும். தவறினால் ஓட்டுநர் நிரந்தரமாக நீக்கப்படுவார்." ஷிபுவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துச் செல்லபாய்க்கு மனம் கேட்கவில்லை. எப்படியும் போகிற வழிதான், ஐந்து நிமிடம் இறங்கிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

களியக்காவிளையில் லாரிகளுக்கும் வாழைக்குலைக் கடைகளுக்கும் நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் அந்த மையம் இருந்தது. உள்ளே விருந்தினர் மனநிறைவு மேலாளர் வைகுண்டராஜன் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் தும்பிப் படம், முகத்தில் மாறாத புன்னகை. இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, எங்கள் நிறுவனத்துக்குப் பயணியைவிட முக்கியமானது எதுவும் இல்லை" என்று தொடங்கினார். "அதனால்தான் பயணத்தைப் பயணியின் விருப்பத்துக்கு விட்டுவிட எங்களுக்கு மனம் வருவதில்லை. சாதாரண வாடகை வண்டியில் என்ன நடக்கிறது? ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அதில் அக்கறை எங்கே இருக்கிறது? நாங்கள் ஒரு விருந்தினரைச் சராசரியாக ஐந்து மணி நேரம் எங்கள் அக்கறையில் வைத்திருக்கிறோம். இதை ஏழாக உயர்த்துவதுதான் இந்த ஆண்டு எங்கள் இலக்கு. உங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்."

கொடுத்தாள். அவர் புரட்டினார். புன்னகை அப்படியே இருக்க, புருவம் மட்டும் சுருங்கியது.

"இதில் பிறந்த இடம் புதுக்கடை என்று இருக்கிறதே?"

"எனக்க ஊரு அதுதான்."

"முகவரியும் புதுக்கடை."

"வீடும் அங்கதான். ஒங்க ஆப்புக்குப் பிடிக்காத வீடு."

"அப்படியானால் நீங்கள் உள்ளூர்வாசி."

"அதத்தான் காலைலயிருந்து சொல்லிட்டிருக்கேன்."

வைகுண்டராஜன் பாஸ்போர்ட்டை மேசைத் தட்டில் வைத்தார். எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, நிலைமை கவலைக்கிடமாக இருக்கிறது. செல்லபாய் என்ற அயல்நாட்டு விருந்தினர் ஒருவர் புதுக்கடையில் எங்கள் வண்டியில் ஏறியிருக்கிறார். பாதுகாப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு. இங்கே வண்டியிலிருந்து இறங்கியது உள்ளூர்ப் பெண். அப்படியென்றால், அந்த விருந்தினர் எங்கே?"

செல்லபாய் ஷிபுவைப் பார்த்தாள். ஷிபு தரையைப் பார்த்தான்.

"நான்தான் மக்கா அது."

"நீங்களாக இருக்க முடியாது. நீங்கள்தான் உள்ளூர்வாசி என்று பாஸ்போர்ட்டோடு நிரூபித்துவிட்டீர்களே." அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்தது யார்?"

செல்லபாய் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை. இந்த மனிதர் எழுதி முடித்தால்தான் விடுவார் என்று பட்டது.

"நான்தான். காலையில கண்ணாடில பாத்தேன்."

"என்ன உடை?"

"இந்தச் சேலதான்."

"அதே சேலை" என்று எழுதிக்கொண்டார். "மனநிலை?"

"அப்பம் நல்லாதான் இருந்தா. இப்பம் கொஞ்சம் கோவத்துல இருக்கா."

"சாட்சி என்று இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

செல்லபாய் என்று கையெழுத்துப் போட்டாள். வைகுண்டராஜன் அதை வாசித்துப் பார்த்து, நன்றி சொல்லி, கோப்பில் வைத்தார். விருந்தினர் கிடைக்கும்வரை வண்டியும் ஓட்டுநரும் சாட்சியும் மையத்தை விட்டுப் போகக்கூடாது என்றார். அதிகபட்சம் எழுபத்திரண்டு மணி நேரம்.

"எனக்குப் பிளேனு மூணு மணிக்கு. நாளைக்குக் காலையில எனக்க மகளுக்கு ஆபரேசன்."

"உங்கள் கவலை புரிகிறது. போன மாதம் ஒரு விருந்தினர் இப்படித்தான் காணாமல் போனார். மூன்று நாள் நாங்கள் தூங்கவில்லை. கடைசியில் இதே நாற்காலியிலிருந்து அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம்."

"அவருக்க பிளேனு?"

"அம்மா, எங்கள் சேவை விமான நிலைய இணைப்பு. விமானம் எங்கள் பொறுப்பில் வராது."

செல்லபாய் எழுந்தாள். மேசைத் தட்டில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். வைகுண்டராஜன் கண்ணாடிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். புன்னகை அப்போதும் மாறவில்லை.

"வாசல விட்டு மாறும்" என்றாள்.

"விதி அனுமதிக்கவில்லை."

"விதியா? கேட்டுக்கோ. இருபத்தெட்டு வருசம் அண்டி ஆபீசுல வேல பாத்தேன். சாயங்காலம் சங்கு ஊதினா நேர வீட்டுக்கு விடமாட்டான். வாசல்ல வரிசையா நிறுத்துவான். சேலய ஒதறணும், முடிய அவுத்துக் காட்டணும், மடியில அண்டிப்பருப்பு இருக்கான்னு தடவிப் பாப்பான். ஒரு பருப்பு நான் எடுத்ததில்ல. எனக்க பிள்ள பாலுக்கு அழுதுட்டு வீட்டுல கெடக்கும். எனக்கு இஞ்ச பாலு ஊறி ரவுக்க நனஞ்சிரும். நான் கைய விரிச்சிட்டு அந்த வாசல்ல நிப்பேன். அந்தப் பிள்ளதான் இப்பம் அங்க ஒத்தைல கெடக்குது. அண்ணைக்கு நின்னது போதும். இனி ஒருத்தனுக்க வாசல்லயும் நான் நிக்க மாட்டேன். நீ மாறுதியா, நான் மாத்தட்டா?"

குரல் உடைந்தது, ஆனால் தாழவில்லை. வெளியே வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். வைகுண்டராஜன் மாறினார்.

அவள் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை இழுத்தாள். "ஷிபு, ஒனக்குப் பிழைப்பு இருக்கு. நீ இரி மக்கா. நான் பஸ்சுல போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தலைக்குத் தூக்கினாள். கனம் தாங்காமல் கழுத்து ஆடியது. ஷிபு ஓடிவந்து பெட்டியை வாங்கித் திரும்பக் காருக்குள் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினான். வண்டியிலிருந்து கம்பெனிப் போனைப் பிடுங்கினான். உள்ளே போய் அதை வைகுண்டராஜனின் மேசைமேல் வைத்தான். தும்பிப் படம் போட்ட சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"ஏலேய், எங்கலே போற? வண்டிய எடுக்கப்பிடாதுலே!" வைகுண்டராஜனுக்கு இப்போதுதான் ஊர்ப்பேச்சு வந்தது.

"வண்டி ஒம்ம மேசமேலதான சார் இருக்கு. ஆப்புல பாரும்" என்றான் ஷிபு.

அவர் பார்த்தார். ஆப்பின்படி வண்டி மையத்தில்தான் நின்றது. ஓட்டுநர் இருந்தார். சாட்சி இருந்தார். எல்லாம் விதிப்படி சரியாக இருந்ததால், கண்ணாடிக்கு வெளியே ஒரு கார் சத்தம் போட்டுக்கொண்டு போனதை அவரால் எந்தப் படிவத்திலும் எழுத முடியவில்லை.

பனியனோடு ஓட்டிய ஷிபுவின் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து செல்லபாய் பிரயாணம் செய்தாள். வழி நெடுகப் பேசினார்கள். நாளையிலிருந்து என்ன செய்வாய் என்று அவள் கேட்டதற்கு, களியக்காவிளையில் வாழைக்குலை ஏற்ற ஆள் வேண்டுமாம், பார்க்கலாம் என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

விமான நிலைய வாசல் வரிசையில் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது, மணி ஒன்று ஐந்து. போன் அடித்தது. வைகுண்டராஜன். புன்னகை குரலுக்குத் திரும்பியிருந்தது.

"வணக்கம் அம்மா. காணாமல் போன விருந்தினர் விஷயமாகச் சாட்சியைத் தொடர்புகொள்கிறோம். அவரை மீண்டும் எங்கேனும் பார்த்தீர்களா?"

"கண்டேன்."

"நலமாக இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்?"

"மகளுக்க கிட்ட போறா. ஒங்க கைல கிட்டமாட்டா."

போனை அணைத்துக் கைப்பையில் போட்டுவிட்டு, செல்லபாய் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.